புலிக்குச் சோறு போட்ட குற்றம்

1

போன செவ்வாய்க்கிழமை என் அம்மாவுக்குத் திதி. எண்ணெய் காய்ந்து, முதல் வடையைத் தட்டப் போன நேரம் வாசல் மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தால் பக்கத்து வீட்டு ரொனால்ட் நிற்கிறார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதன் அடியில் ரத்தம் கசிந்து, என் வாசற்படியில் ஒரு சொட்டு விழுந்தது.

"விஸ், நானும் மனைவியும் இன்றைக்கு ஸ்பெயினுக்குப் புறப்படுகிறோம். அடுத்த செவ்வாய் வந்துவிடுவோம். அதுவரை டச்சஸுக்குச் சாப்பாடு போட முடியுமா? எங்கள் ஃபிரிட்ஜில் இதுபோல நிறையப் பொட்டலம் இருக்கிறது. கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும்" என்றார். பொட்டலத்தையும் வீட்டுச் சாவியையும் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்தானே, உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும்" என்று சொல்லி ஒரு சிரிப்பு வேறு.

டச்சஸ் என்பது அவர் தன் வீட்டுப் பின்கட்டில் வளர்க்கிற சிறுத்தைப்புலி. நாங்கள் வீட்டுக்குள் அதைத் தொரசானி என்போம். விஸ் என்பது நான். விசாலாட்சி என்று என் அம்மா வாய் நிறைய வைத்த பெயரை இரண்டு வருஷமாக இந்தத் தெருவில் ஒருத்தராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தியாக்காரி என்றால் புலி பழகியிருக்குமாம்! காஞ்சிபுரத்தில் நாங்கள் விடியற்காலையில் எழுந்து புலியிடம்தான் பால் கறந்தோமா? பட்டணத்துக்கு இரண்டு மணி நேரப் பஸ்ஸில் போய்ச் சினிமா பார்க்கிற ஊர் ஐயா அது! ஆனால் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மனுஷன் விளையாட்டுக்குச் சொன்னது என் விஷயத்தில் நிஜம். எனக்குப் பழகித்தான் இருக்கிறது.

2

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது இந்த ஊர். என் வீட்டுக்காரர் சுந்தரம் பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். எங்களுக்கு ஒரே பெண், ராஜி, பத்து வயது. தெருவெல்லாம் ஒட்டிக்கட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டு அலமாரி ஆடும். இப்பேர்ப்பட்ட வீட்டின் பின்னால், கரி போட்டுவைக்கும் கொட்டகையையும் அதன் முன்னால் இருக்கும் துளியூண்டு முற்றத்தையும் கம்பி போட்டு அடைத்து, அதற்குள் ஒரு சிறுத்தைப்புலியை வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, நாய்க்குட்டி வாங்குவது போலக் குட்டியாக வாங்கினாராம். கழுத்தில் பட்டை கட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போவாராம். பேப்பரில் போட்டோ வந்ததாம். பிறகு அது வளர்ந்தது. சோபாவைக் கிழித்தது. கொட்டகைக்குப் போய்விட்டது. இப்போது சாயங்காலமானால், பின்பக்கம் யாரோ ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி அது இருமும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆபத்தான காட்டு மிருகங்களை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் இனிமேல் கவுன்சிலில், அதாவது இங்கத்து முனிசிபாலிட்டியில், லைசென்ஸ் வாங்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்துக்கினே இரு, வந்து அழைச்சிக்கினு போயிடுவாங்க தொரசானிய" என்றேன் வீட்டுக்காரரிடம். கவுன்சில் அதிகாரி வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர், கையில் டேப். கம்பியின் கனம் பார்த்தார், பூட்டை ஆட்டிப் பார்த்தார், சுவரின் உயரத்தை அளந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"உங்களுக்கு ஏதாவது பயம் இருக்கிறதா, மேடம்?"

"எனக்குப் பயம் இல்லை. அதற்குத்தான் இடம் இல்லை" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"சுவர் போதுமான உயரம்தான் மேடம். தாண்டி வராது" என்றார் அவர். நான் சொன்னது அவருக்குப் புரியாமலில்லை. அவருடைய காகிதத்தில் அதை எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

லைசென்ஸ் வந்துவிட்டது. ரொனால்ட் பெயரும் அவர் மனைவி பெயரும் அதில் இருக்கின்றன. அந்த இரண்டு பேரைத் தவிர யாரும் மிருகத்தின் பக்கம் போகக்கூடாது என்று அவரே தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். நான் கவுன்சிலுக்குப் போய்ச் சத்தம் போடுகிறேன் என்று கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"சும்மா இரு விசாலம். நாமளே ஒண்டிக் குடித்தனம். வெள்ளக்காரன் வூட்டுப் புலிக்கு நாம இன்னாத்துக்கு வக்காலத்து வாங்கணும்? அப்புறம் இன்னா, நம்மளத்தான் மொதல்ல ஊருக்குப் போவச் சொல்லுவாங்க."

அவர் பயமும் நியாயம்தான். இங்கே வருவதற்கு நானும் ராஜியும் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். அவர் முன்னாலேயே வந்துவிட்டார். நான் கைக்குழந்தையோடு காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டிலேயே கிடந்தேன். விசா ஆபீஸில் உட்காரவைத்து, "இது உன் குழந்தைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? உன் புருஷன் வீட்டுக்கு எத்தனை ஜன்னல்?" என்று கேட்டார்கள். ஜன்னலைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி வந்த பெண்ணுக்கு இப்போது நான் "அம்மா" இல்லை, "மம்". சிநேகிதி வந்தால் சாம்பார் வாசனை போகாமல் சமையலறைக் கதவைச் சாத்துகிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தொரசானியைப் பார்க்க ஓடுவாள். "நம்ம ஊரிலும் ஒன்று பார்த்திருக்கிறாய், ஞாபகமில்லையா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். ஊர் போய்விட்டது அவளுக்கு.

3

நம் ஊரில் ஒன்று இருந்தது. பெரிய பட்டுக்கடை. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன்; தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலாளி ரொம்பப் பக்திமான், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. வேட்டைக்குப் போகிற சிநேகிதர் ஒருத்தர் ஜவ்வாது மலையில் தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியைக் கொண்டுவந்து இவருக்குப் பிரசன்டேஷன் கொடுத்தார். அறுபதுகள் முடிகிற சமயம். கடை நடையில் கூண்டு செய்து வைத்தார்கள். துர்கா என்று பெயர்.

முகூர்த்தப் புடவை எடுக்க வருகிற கூட்டம் புலியைப் பார்க்கவே அந்தக் கடைக்குள் நுழையும். "புலிக்கடைக்கு வுடுப்பா" என்றால் ரிக்ஷாக்காரர் நேரே கொண்டுபோய் இறக்குவார். பிள்ளைகள் கம்பி வழியாகக் கடலை எறியும். மாப்பிள்ளை வீட்டார் காலால் கூண்டை உதைத்து, அது சீறினால் சிரிப்பார்கள். ஜரிகையும் வியாபாரமுமாக முதலாளிக்குக் கொழித்தது.

என் அம்மா அந்தக் கடைக்குப் பின்னாலிருந்த முதலாளி வீட்டில் சமையல். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். நாங்கள் சைவக் குடும்பம்; முட்டை ஓடுகூட வீட்டுக்குள் வந்ததில்லை. முதலாளி வீடும் சைவம். புலிக்கு மட்டும் கடைப்பையன்கள் வெளியிலிருந்து இறைச்சி வாங்கிவந்து போடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, புடவை எடுக்க வந்த ஒரு பெரிய இடத்து அம்மாள் கூண்டுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்பாள் வாகனமாச்சே, வெள்ளிக்கிழமையில மாம்சம் போடலாமா?" என்று கேட்டுவைத்தாள். போயிற்று. அந்த வாரத்திலிருந்து துர்காவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். பாலும் சர்க்கரைப் பொங்கலும். கூண்டுக்குக் குங்குமம், கற்பூரம், மாலை. கும்பல் இன்னும் கூடியது. பிறகு அமாவாசை, கிருத்திகை என்று விரதம் வளர்ந்தது. கடைசியில் நவராத்திரி ஒன்பது நாளும் புலி சுத்த சைவம் என்று ஊரெல்லாம் பேச்சு. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள்.

"பாரு பாரு, பொங்கல் துன்னுது! அம்பாள் மகிமைமா!"

துன்னவில்லை. பொங்கலின் மேலே மிதந்த நெய்யை மட்டும் நக்கியது. பசியில் இரும்புக் கம்பியையும்தான் நக்கியது. அதைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பொங்கலைக் கிண்டியவள் என் அம்மா. நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, முந்தானையை உதறிக்கொண்டு கத்தினாள்:

"புலி இன்னா பண்டாரமாடி, பொங்கல் துன்னுட்டுத் தேவாரம் பாடறதுக்கு? எலும்பெல்லாம் எண்ணிடலாம் போல இருக்குது. கண்ணை மூடிக்கினு கெடக்குது. இவங்க தியானம் பண்ணுதுன்றாங்க!"

4

என் அம்மா முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனாள். நானும் கூடப் போனேன், இடுப்பில் ராஜியோடு. ஏட்டு நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார்.

"திருட்டு எதுனா போச்சாம்மா?"

"இல்லீங்க."

"புலி யாரையாவது கடிச்சிச்சா?"

"இல்லீங்க. அது பட்டினி கெடக்குது."

"அவுரு புலி, அவுரு கூண்டு. இதுல கேஸே இல்லம்மா. ஆடு வளக்கறவன் ஆட்டுக்கு இன்னா போடறான்னு நாங்க போயி பாக்கறமா? பேசாம வூட்டுக்குப் போங்க. அதுவும் நவராத்திரியில வந்து..." என்று கும்பிட்டு அனுப்பினார்.

மறுநாள் என் அம்மா தலைக்குக் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டு ஒலிமுகமதுபேட்டைக் கறிக்கடைக்குப் போனாள். ஐம்பது வயது வரைக்கும் அந்தத் தெருப்பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள். கடை பாய் பதறிப்போய் எழுந்து நின்றாராம்.

"அரே, இன்னாம்மா? வழி தவறி வந்துட்டீங்களா? கோயிலு அந்தாண்ட இருக்குது."

"வழியெல்லாம் சரியாத்தான் வந்தேன் பாய். கறி கொடுங்க. எனக்கில்ல, துன்றதுக்கு நாதியில்லாத ஒண்ணுக்கு."

பாய்க்குப் புலிக்கடை தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை. வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். அதைக் கூடையின் அடியில் வைத்து, மேலே சாமந்தியைக் கொட்டி, அம்பாளுக்குப் பூ கொண்டுபோகிற மாதிரி கடைக்குள் கொண்டுபோனாள். காலையில் பொங்கல் தட்டு வைக்கும்போது, கடை திறக்குமுன் அதையும் தள்ளிவிட்டாள். இப்படியே நாள் தப்பாமல் நடந்தது. புலி எழுந்து நின்றது. முதலாளி, "விரதத்துல தேஜஸ் கூடியிருக்குது பாரு" என்று எல்லோருக்கும் காட்டினார். அம்மா இதை வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் பாய், "நாளைக்கு எங்களுக்குக் கடை லீவும்மா. பாவம் பசிச்ச ஜீவன், எலும்போட போட்டிருக்கேன், ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்று பெரிய துண்டாகக் கொடுத்தார். அன்று ராத்திரி கடை சாத்தினதும் அம்மா அதைத் தள்ளிவிட்டாள். அம்மாவுக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்? கீரையும் கத்தரிக்காயும் போலப் போட்டது முழுக்க உள்ளே போய்விடும் என்று நினைத்தாள். தின்ற பிறகு மிச்சம் கிடக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எந்தச் சைவ வீட்டுப் பொம்பளைக்கு அது தெரியும்?

சரஸ்வதி பூஜை காலையில் மேளத்தோடு வந்தார்கள். கோலில் மாலையை மாட்டிக் கூண்டுக்குள் நீட்டிய ஐயர், நீட்டிய கையோடு அலறினார். பொங்கல் தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு தொடையெலும்பு.

கடை ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி முதலாளி கேட்டார். யாரும் வாய் திறக்குமுன் அம்மா முன்னால் வந்து, "நான்தான் போட்டேன்" என்றாள்.

"நீயாம்மா? நம்ம வூட்டுச் சோத்தைத் துன்னுட்டு, அம்பாள் வாகனத்துக்கா மாமிசம் போட்ட?"

"அம்பாளு அதை மலையிலதான் வெச்சிருந்தா மொதலாளி. அங்க யாரு அதுக்குப் பொங்கல் கிண்டினாங்க?"

"என் புலி. என் கூண்டு. அதுக்கு இன்னா போடணும்னு நான்தான் சொல்லணும். நீ வூட்டுக்குப் போ. இனிமே இந்தப் படி ஏறாதே."

வேலை போனது அன்றைக்கே. கூண்டைக் கழுவிப் புண்ணியாகவாசனம் பண்ணினார்கள். பசித்த மிருகத்தின் தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர். எங்கள் தெருவில், "கறி தூக்கினவ" என்று அம்மாவைக் குழாயடியில் ஒதுக்கினார்கள். கல்யாண வீடுகளில் சமையலுக்குக் கூப்பிடுவது நின்றது. தென்னேரிப் பக்கம், வாலாஜாபாத் பக்கம் என்று முன்பின் தெரியாத ஊர்களில் போய் அடுப்பில் நின்றாள். ஒரு நாளும், செய்தது தப்பு என்று சொன்னதில்லை. "இன்னும் ரெண்டு நாளு கழிச்சி மாட்டியிருக்கக் கூடாதா" என்றுதான் புலம்புவாள்.

5

பிறகு நம் நாட்டிலும் சட்டம் வந்தது. வனவிலங்குச் சட்டம். வீட்டில் வைத்திருக்கிறவர்கள் சர்க்காரில் சொல்லி, சர்ட்டிபிகேட் வாங்கவேண்டும் என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சர்க்காரே கேக்க வந்துட்டுதுடி. இனிமே அவுரு புலின்னு அவுரு சொல்ல முடியாது" என்று பாய் கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதிகாரி வந்தது அடுத்த நவராத்திரியில். அம்மாவும் நானும் எதிர்ச்சாரியில் போய் நின்றோம். ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். கூண்டையும் மாலையையும் கற்பூரத் தட்டையும் பார்த்தார். ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு குனிந்து, பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூண்டைக் கும்பிட்டார். கும்பிட்டார்! முதலாளி தட்டை நீட்ட, குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். கம்பிக்குப் பின்னால் அது எழுந்திருக்கக்கூடச் சத்தில்லாமல் படுத்துக்கிடந்தது. புலி ஒன்று என்று எழுதிக்கொண்டார். காபி குடித்தார். வீட்டம்மாவுக்கு ஒரு புடவை பார்த்தார். ஜீப் போய்விட்டது.

அம்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து வந்து, அங்கே நின்று காறித் துப்பினாள்.

சர்ட்டிபிகேட் வந்ததும் முதலாளி அதைக் கண்ணாடி போட்டு, காமாட்சி படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் மாட்டினார். அதற்கும் தினம் பூ. அதற்கு முன்னால் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு கேட்டால், "சர்க்காரே கொடுத்திருக்குது" என்று விரலை நீட்டிக் காட்டினார். அந்த வருஷம் தை பிறப்பதற்குள் துர்கா செத்துவிட்டது.

கேளுங்கள் இதை. செத்த பிறகு முதலாளிக்கு அந்தத் தோல்மேல் உட்கார்ந்து சிவபூஜை பண்ண ஆசை. அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு, அனுமதி வேண்டும். உடனே வந்தார்கள் ஐயா அதிகாரிகள்! ஒருத்தருக்கு மூன்று பேராக வந்தார்கள். தோலை அளந்தார்கள், பல்லை எண்ணினார்கள், நகத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினார்கள். ஒரு நகம் குறைந்தது என்று கடைப்பையன்களின் பாக்கெட்டைக்கூடத் தடவினார்கள். உயிரோடு கிடந்தபோது வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நாய் வரவில்லை. கடைசியில் தோலுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வந்தது.

மறு வருஷம் நான் விமானம் ஏறினேன். நான் இங்கே வந்த சில மாதத்தில் அம்மா போய்விட்டாள். போய்ப் பார்க்க முடியவில்லை.

6

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பொட்டலத்தைப் பின்கட்டில் ஒரு வாளிக்குள் வைத்துவிட்டு வந்து படையல் போட்டேன். எனக்கு உடன்பிறந்தவன் இல்லை. ஐயர், எள்ளும் தண்ணீரும் எதுவும் இல்லை. அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுவது மட்டும்தான். காக்கைக்கு வைத்த சோற்றை இரண்டு புறா தின்றுவிட்டுப் போயின. சாப்பிட உட்காரும்போது பின்பக்கம் ரம்பச் சத்தம் ஆரம்பித்தது. எழுந்தேன்.

"இன்னிக்கா அதைத் தொடப் போற? தீட்டும்மா. திதியும் அதுவுமா!" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கம்மா நவராத்திரியில தொட்டவ" என்றேன்.

கம்பிக்கு அடியில் தள்ளினேன். மிருகம் உடனே வரவில்லை. மூலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. காலின் மேல் தோல் உரிந்திருந்தது, அதே இடத்தில் சுற்றிச் சுற்றி. பிறகு வந்து தின்றது. நான் வீட்டுக்குள் போய்க் குளித்துவிட்டு அம்மா இலையில் சாப்பிட்டேன். அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்தான்.

மறுநாள் கவுன்சிலுக்குப் போன் பண்ணினேன். இந்த முறை வீட்டுக்காரர் மறிக்கவில்லை. எடுத்தவளிடம் ஆத்திரத்தில் "புலிக்குச் சாப்பாடு போடுகிறேன்" என்பதை இங்கிலீஷில் "புலியைச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். "எதை?" என்றாள் அவள். பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டிலிருந்த ராஜி போனைப் பிடுங்கிச் சரியாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை அதே அதிகாரி வந்தார். பூட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு குனிந்து கூண்டுக்குள் பார்த்தார்.

"இந்த எலும்பு யார் போட்டது?"

எனக்கு ஒரு கணம் காஞ்சிபுரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. முப்பத்து மூன்று வயதாகிறது, எனக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதை எடுத்துவிட வேண்டும் என்று!

"நான்தான்" என்றேன்.

"உங்கள் பெயர் லைசென்ஸில் இல்லையே, மேடம். இரண்டு பேருக்குத்தான் அனுமதி. நீங்கள் செய்தது சட்டப்படி தவறு. இந்த ஒரு தடவை எச்சரிக்கையோடு விடுகிறேன். அந்த வீட்டுச் சாவியைக் கொடுங்கள்."

"விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவருக்கு என்ன?"

"அவரைப் பற்றி ரிப்போர்ட் எழுதுவேன். கமிட்டி அடுத்த வாரம் கூடும்."

"அதுவரைக்கும் இது என்ன சாப்பிடும்?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். சுவரை அளந்தது இருக்கிறது, கம்பியின் கனம் இருக்கிறது, என் பெயர் இல்லாதது இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை. "மிருகத்தை எங்கேயாவது கொண்டுபோக முடியுமா என்று விசாரிக்கிறோம்" என்றார். "இடம் கிடைக்காவிட்டால்..." என்று இழுத்து, ராஜியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இங்கே சொல்லிவிடுகிறேன். சட்டம் வேண்டாம் என்பவள் இல்லை நான். அம்மா சட்டத்துக்காக ஏங்கினவள். ஆனால் இந்த நாட்டுச் சட்டம் புலி எங்களைக் கடிக்குமா என்று கேட்கிறது, நம் நாட்டுச் சட்டம் புலி யாருடையது என்று கேட்டது. உனக்கு எதற்கையா புலி என்று இரண்டும் ஒருத்தனையும் கேட்கவில்லை. அது ஒன்றைத்தானே முதலில் கேட்க வேண்டும்? அதைக் கேட்டால் கடைத்தெருவில் கூண்டும் இருக்காது, கரிக்கொட்டகையில் கூண்டும் இருக்காது. வைத்திருப்பவனுக்குக் கண்ணாடி போட்டு மாட்ட ஒரு காகிதம், சோறு போட்டவளுக்கு எச்சரிக்கை. இரண்டு தலைமுறை, இரண்டு தேசம், ஒரே தண்டனை. த்தூ!

வெள்ளிக்கிழமை காலையில் ரம்பச் சத்தம் கேட்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. சாவி போனால் என்ன, எங்கள் பின்சுவர்மேல் ஏறினால் கம்பி இடுக்குக்குக் கை எட்டும்.

நான் தலைக்குக் குளித்தேன். விபூதி இட்டுக்கொண்டேன். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு காய்கறிப் பையை எடுத்தேன். வீட்டுக்காரர் டிப்போவுக்குப் போயிருந்தார். ராஜி படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து செருப்பை மாட்டினாள்.

"அம்மா, நானும் வரேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

பெரிய தெரு முனையில் ஒரு பாகிஸ்தான்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். தினம் பஸ்ஸுக்குப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற கடை. உள்ளே போனேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். தவறி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். காய்கறிக்கடைப் பக்கம் கை காட்டினார்.

"வழியெல்லாம் சரியாகத்தான் வந்தேன் பாய்" என்றேன். "கறி கொடுங்கள். எலும்பு வேண்டாம்."